சனிக்கிழமை விரால்

கரட்டுக்குளத்து மேட்டில் தனபாலை எல்லாரும் "மீன் வாத்தியார்" என்றுதான் கூப்பிடுவார்கள். மீனைப் பார்த்துத் தின்னுங்கள் என்று எச்சரிக்க வந்தவருக்கு இப்படி ஒரு பெயர். அதில் அவருக்கு வருத்தமில்லை. இதற்கு முன் அவர் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தார். அப்போது கோயமுத்தூர் முழுக்க அவரைக் கண்டதும் கதவைச் சாத்தியது. இப்போது அதே ஊர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, சொல்வதைக் கடைசிவரை கேட்டுவிட்டு "ஆகட்டுங்க" என்கிறது. செய்கிறோம் என்று அதற்கு அர்த்தமில்லை. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, இனிக் கிளம்பலாம் என்று அர்த்தம். அந்தியூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்த தனபாலுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. வீட்டில் மனைவி புவனாவிடம் அவரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் வேலை செய்யும் தொண்டு நிறுவனம் குளத்து மீன்களைச் சோதித்துப் பார்த்ததில் பாதரசம் இருந்தது. சின்ன மீன்களில் கொஞ்சம், பெரிய மீன்களில் நிறைய. குளத்துக்குள் அது எப்படி வந்தது என்று ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். வந்தது இனிப் போகாது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. மீனே தின்னாதீர்கள் என்று சொல்லவும் வழியில்லை. பரிசல் போட்டு மீன்பிடிக்கும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அதனால் ஒரு நடுவழியான செய்தியைத் தயாரித்தார்கள். ஜிலேபி, கெண்டை மாதிரிச் சின்ன மீன்களை எப்போதாவது சாப்பிடலாம். மற்ற மீன்களைத் தின்று கொழுக்கும் விரால், கெளுத்தி வகைகளைக் கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் பெண்களும், சின்னக் குழந்தைகளும் தொடக்கூடாது. மற்றவர்கள் குறைத்துக்கொண்டால் போதும்.

சனிக்கிழமைதோறும் காலையில் குளத்துமேட்டில் படம் போட்ட தட்டியை விரித்து வைத்துக்கொண்டு தனபால் பேசுவார்.

"சின்ன மீன் துளியூண்டு திங்குதுங்க. அந்தச் சின்ன மீனு நூறை ஒரு விரால் திங்குதுங்க. அப்ப அந்த நூத்துத் துளியும் எங்க போச்சுங்க?"

"விரால் வயித்துக்குங்க" என்றது கூட்டம்.

"விராலை நம்ம தின்னா?"

கூட்டத்தில் ஒருவர் தன் கழுத்துக் கயிற்றில் தொங்கிய ரசமணியைத் தூக்கிக் காட்டினார். "ஏனுங் வாத்தியாரே, இதும் பாதரசந்தானுங்களே? ஒடம்புக்கு நல்லதுன்னு சாமியாரு கட்டி உட்டாரு. வெளிய தொங்குனா மருந்து, உள்ள போனா வெசமுங்களா?"

"நீங்க அதைக் கொழம்பு வெச்சுத் தின்னுபோடாம இருந்தாச் சரிங்க" என்றார் தனபால். கூட்டம் சிரித்தது. அன்றைக்கு மட்டும் யாரும் "ஆகட்டுங்க" என்று சொல்லாமல் கலைந்தார்கள். அதை அவர் வெற்றியாகக் கணக்கில் வைத்துக்கொண்டார்.

பிரச்சினை கூட்டம் கலைந்த பிறகுதான் தொடங்கும். மேட்டில் குடை நட்டு மீன் விற்கும் பாலுசாமி, அன்றைக்குப் பிடிபட்டதில் ஆகப் பெரிய விராலை எடுத்து, தாமரை இலையில் சுற்றி, பையில் போட்டுத் தனபாலின் ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிவிடுவார்.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"இருக்கட்டுங்க. மத்தவன் வந்திருந்தா கொளமே வெசம்னு சொல்லி எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டிருப்பான். நீங்க நல்லது பொல்லது பிரிச்சுச் சொல்றீங்க. ஊட்டுக்குக் கொண்டுபோயி அம்மணிகிட்டக் குடுங்க."

வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கொடுக்கிற கையைப் பார்த்து உன் மீன் விஷம் என்று சொன்னதாகிவிடும். தட்டியில் எழுதி ஊருக்குச் சொல்வது வேறு, முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு. முதலாவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆகவே பெரிய மீனைத் தின்ன வேண்டாம் என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, குளத்திலேயே பெரிய மீனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். வாரா வாரம்.

தனபாலுக்கு விரால் உயிர். இந்த வேலைக்கு வந்தபின் தொடவில்லை. நிறுவனத்தின் அட்டவணைப்படி நாற்பத்தைந்து தாண்டிய ஆண்பிள்ளை எப்போதாவது ஒரு துண்டு தின்னலாம். ஆனாலும் சோதனைச்சாலை அனுப்பிய எண்களை அவர் பார்த்திருந்தார். பார்த்தபின் தொண்டையில் இறங்கவில்லை. குப்பையில் போடவும் மனம் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் பார்த்தால் என்ன நினைப்பார்?

கீழ்வீட்டில் முத்தாத்தாள் குடியிருந்தாள். மோட்டார் கம்பெனியில் கம்பிச்சுருள் சுற்றும் வேலை. கணவன் இல்லை, ஒரே மகளைச் சூலூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வயது ஐம்பதுக்கு மேல். அட்டவணையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் எந்தக் கட்டத்திலும் சிக்காத ஆள்.

"அக்கா, இன்னைக்குச் சனிக்கிழமைங்க. நம்மூட்ல கவுச்சி ஆவாது. நீங்க வெச்சுக்குங்க" என்று முதல் சனிக்கிழமை பையை நீட்டினார். அது பொய்யில்லை. புவனா பெருமாளுக்கு விரதம் இருக்கிறவள். உண்மையைச் சொல்லியே ஒரு விஷயத்தை மறைக்கலாம் என்பதில் அவருக்கு அன்று சின்னப் பெருமைகூட இருந்தது. சனிக்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன. விராலும் படியிறங்கிக்கொண்டே இருந்தது.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் முத்தாத்தாள் வெற்றிலைபாக்கு, பூ, குங்குமத்தோடு தட்டை ஏந்திக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

"ஏனுங் தம்பி, அம்மணி இருக்குதுங்களா? ரெண்டு பேரும் சித்த வாங்க."

புவனா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வார ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு, என்ற புள்ளை சண்முகப்பிரியாவுக்குக் கட்டுச்சோறுங்க. நீங்க வந்துதான் ஆவோணும்."

கட்டுச்சோறு என்றால் ஏழாம் மாதம். பெண்வீட்டார் பலவகைச் சோறு கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய் விருந்து வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவார்கள்.

"ஏழு மாசமாச்சா? ஒரு வார்த்த சொல்லலீங்களே அக்கா!" என்றாள் புவனா.

"எப்படி அம்மணி சொல்றது? இதுக்கு முன்னால ரெண்டு தடவை தங்காமப் போச்சு. இந்தத் தடவை கண்ணு பட்டுறக் கூடாதுன்னு மூச்சுடல." முத்தாத்தாள் தனபாலின் பக்கம் திரும்பினாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. "ஆனா தம்பிக்கு நான் சொல்லாமயே தெரிஞ்சுபோச்சுங்க."

"எனக்குங்களா?"

"பொறவு? வாரா வாரம் விரால் எதுக்குங்க குடுத்தீங்க? மாசமா இருக்கறவளுக்கு விரால்தான் சத்துன்னு ஆருக்குத் தெரியாது? சனிக்கிழமை கொழம்பு வெச்சு, ஞாயித்துக்கெழமை மொத பஸ்ஸுல தூக்குப்போசில கொண்டுபோயிருவேன். தலையோட அத்தனையும் அவளுக்குத்தான். நான் நாக்குல வெச்சதில்லீங்க. டாக்டரம்மாவே புள்ளை நல்லா ஊட்டமா இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க."

தனபால் தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "வந்தர்றோங்க" என்றார். அவள் படியிறங்கும் வரை அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதை எப்படி இறக்கி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

புவனா கதவைச் சாத்தினாள். "ஊருக்கெல்லாம் தட்டி வெச்சுச் சொல்றீங்க. கீழூட்டுக்கு ஆருங்க சொல்றது?"

"பயந்துக்குவாங்கல்ல. ரெண்டு தடவை போன புள்ளை."

"பயம் அவியளுக்கா, உங்களுக்கா?"

இதற்கும் "ஆகட்டும்" என்று சொல்லிப் பார்த்தார். செல்லவில்லை.

மறுநாள் காலையில் முத்தாத்தாள் வேலைக்குக் கிளம்பும் முன் கீழே போனார். அவள் தலைவாரிக்கொண்டிருந்தாள். தட்டியில் இருக்கும் வாசகத்தையே முதலில் சொன்னார். சின்ன மீன், பெரிய மீன், நூறு துளி. அது கருவில் இருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்றார். கழுவினாலும் காய்ச்சினாலும் போகாது என்றார். பாதிக்கலாம் என்றால் பாதிக்கும் என்று அர்த்தமில்லை என்பதை இரண்டு தடவை சொன்னார். முத்தாத்தாள் கவனமாகக் கேட்டாள். கொஞ்ச நேரம் அதைப் பொதுவான எச்சரிக்கை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, நல்லவேளை சொன்னீங்க. இனிமேட்டு வாங்குனா கேட்டு வாங்கறேன். நீங்க குடுத்ததெல்லாம் எந்தக் கொளத்து மீனுங்க?"

"கரட்டுக்குளத்து மீனுதானுங்க அக்கா."

சீப்பு நின்றது.

"நீங்க பேசற கொளமுங்களா?"

"ஆமாங்க."

"தெரிஞ்சே குடுத்தீங்களா?"

"புள்ளை மாசமா இருக்குதுன்னு தெரியாதுங்க. நீங்கதான் சாப்புடறீங்கன்னு..."

"நான் தின்னாப் பரவால்லீங்களா?"

அட்டவணை என்ற சொல் அவர் வாய்வரை வந்து நின்றுவிட்டது.

"சனிக்கிழமை கவுச்சி ஆவாதுன்னு சொன்னீங்க. சரி. ஞாயித்துக்கெழமை நான் சூலூர்ல இருந்து வந்தா உங்கூட்ல கறி வேகற வாசம் எனக்கு இங்க வருது. பிரிட்ஜுல வெச்சு மக்யா நாளு திங்கறதுக்கு என்னங்க? நான் அப்பவே நெனச்சேன். நமக்காக விட்டுக் குடுக்கறாங்க, எத்தன நல்ல மனசுன்னு." அவள் குரல் உயரவில்லை. "நீங்க ஒரு துண்டாவது தின்னீங்களா?"

"இல்லீங்க."

முத்தாத்தாள் முடியை முடிந்துகொண்டாள். "இப்ப என்னங்க செய்யோணும் சார்?"

அதுவரை அவர் தம்பியாக இருந்தார்.

நிறுவனத்தில் சோதனைகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபஹீமா, அவர் மகள் வயதுப் பெண். அன்றே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் சார் வாங்குனீங்க?"

"ஒரு மரியாதைக்குங்க."

"யாருக்கு மரியாதை?"

அவளே சூலூருக்குப் போய்ச் சண்முகப்பிரியாவின் தலைமுடியில் கொஞ்சம் வெட்டி எடுத்து வந்தாள். உடம்பில் பாதரசம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது முடியில் தெரியும். அந்தப் பெண் முடி கொடுக்கும்போது, "அம்மா நெம்பப் பயந்துபோச்சு, நீங்க கொஞ்சம் தைரியம் சொல்லுங்க" என்று சொன்னாளாம். இதையும் ஃபஹீமா தனபாலிடம் சொன்னாள். வேண்டுமென்றே சொன்னாளா, தற்செயலாகவா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முடிவு வருவதற்குள் கட்டுச்சோறு வந்துவிட்டது. போகாமல் இருந்தாலும் குற்றம், போனாலும் குற்றம். போனார்கள். முத்தாத்தாள் வாசலிலேயே "வாங்க சார், வாங்க அம்மணி" என்று கைகூப்பினாள். முதல் பந்தியில் உட்கார வைத்தாள். தன் கையாலேயே எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் வைத்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று சொந்தக்காரர்களுக்குச் செய்யாத உபசாரமெல்லாம் செய்தாள். யாரோ ஒரு கிழவர், "ஆருங்க இவிய?" என்று கேட்டார். "மாடியூட்டுக்காரங்க" என்றாள். போன மாதமாக இருந்தால் அந்தப் பதில் இன்னும் நீளமாக இருந்திருக்கும். சண்முகப்பிரியா கை நிறைய வளையலோடு உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தனபால் அவளை ஒரு தடவைதான் பார்த்தார். அதுவும் முகத்தையில்லை.

முடிவு வந்தது. எல்லைக்குள்தான், ஆனால் எல்லையை ஒட்டி. மருத்துவர் அந்த மீனை நிறுத்திவிட்டுப் பிள்ளை பிறந்த பிறகும் தொடர்ந்து கவனித்து வரச் சொன்னார். தனபால் காகிதத்தோடு கீழே போய் நின்றார்.

"அளவுக்குள்ளதானுங்க இருக்குது."

"அளவுக்குள்ளன்னா, இருக்குதா இல்லீங்களா?"

"இருக்குதுங்க."

"அப்புடிச் சொல்லுங்க சார்" என்று காகிதத்தை வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள்.

இடையில் வந்த சனிக்கிழமைகளில் தனபால் குளத்துமேட்டுக்குப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை போனார். கூட்டம் முடிந்ததும் பாலுசாமி வழக்கம்போலப் பையோடு வந்தார். தனபால் ஸ்கூட்டரின் கொக்கியைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"வேண்டாங்க."

"அட, வெச்சுக்குங்க வாத்தியாரே."

"நான் இதைத் திங்கறதில்லீங்க பாலுசாமி. இத்தன நாளும் தின்னதில்ல. வாங்கி வேற ஆளுக்குக் குடுத்துட்டிருந்தேன். அது தப்பாப் போச்சுங்க. இனிமேட்டு வேண்டாம்."

பாலுசாமி நீட்டிய பையைக் கீழே இறக்கினார். கோபப்படுவார் என்று தனபால் காத்திருந்தார். இத்தனை மாதமும் அந்தக் கோபத்துக்குப் பயந்துதானே எல்லாம். பாலுசாமிக்குக் கோபமே வரவில்லை.

"மொதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே வித்திருப்பேனுங்களே" என்று சொல்லிவிட்டு, பையைத் திறந்து விராலைத் தராசுக்குப் பக்கத்தில் மற்ற மீன்களுக்கு மேலே போட்டார். அடுத்த நிமிடமே பைக்கில் வந்த ஒருத்தர் காலை ஊன்றி, "அந்தப் பெருசை நறுக்கிக் குடுங்க" என்றார். பாலுசாமியின் மனைவி அரிவாள்மணையில் காலை வைத்து உட்கார்ந்தாள்.

தன் கைக்கு வராத மீன் குளத்துக்குத் திரும்பிப் போய்விடும் என்று தனபால் எதையோ வைத்து நம்பியிருந்தார் போலிருக்கிறது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். துண்டுகள் பைக்குள் விழுந்தன. பைக்கில் வந்தவர் சாவியைத் திருகினார்.

"ஏனுங்க, ஒரு நிமிசமுங்க!"

அவர் திரும்பினார். முப்பது வயதிருக்கும், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. தனபால் கிட்டே போய், பாலுசாமியும் அவர் மனைவியும் கேட்கும்படியாகவே, முன்பின் தெரியாத ஆளிடம் இந்தச் சீமையில் யாரும் கேட்கக் கூடாததைக் கேட்டார்.

"உங்கூட்ல ஆராச்சும் மாசமா இருக்கறாங்களாங்க?"

"அது உங்களுக்கு எதுக்குங்க?" என்றார் அவர், முகம் சுருங்கி.

"கோவிச்சுக்காதீங்க. இருக்கறாங்களா, இல்லீங்களா?"