ரேவதி யாரை இறங்கச் சொல்வாள்?

என் மகள் ஆதிரைக்கு இரண்டு வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. யாரைப் பார்த்தாலும் அவள் சொல்லும் முதல் சொல் ‘ஜெய்ஹிந்த்’. போர்ட் பிளேரில், மின்னி பே என்ற பகுதியில் எங்கள் வீடு கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. விடிந்ததும் ராணுவ வீரர்கள் வரிசையாக அந்த வழியே ஓடுவார்கள். மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நெற்றியில் கை வைப்பாள். அவர்களில் யாராவது ஒருவர் ஓடியபடியே பதிலுக்குக் கை வைத்துவிட்டுப் போவார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் கற்றுக்கொண்டது அது. வீடியோ காலில் என் மாமியார் வந்தாலும் அதே சல்யூட்தான். “இன்னாம்மா, கொழந்தைக்கு வணக்கம்னு சொல்லக் கத்துத்தரலியா?” என்று அவர் கேட்கும்போது எனக்கு முகம் சுருங்கிவிடும். அன்று முழுக்க அவளுக்கு வணக்கம் சொல்லப் பழக்குவேன். மறுநாள் காலையில் சாலையில் பூட்ஸ் சத்தம் கேட்கும். நான் பழக்கியது போய்விடும்.

ஊரில் இருந்து கேட்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினம். வேலூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் தெருவுக்கு இரண்டு பேர் பட்டாளத்தில் இருந்தார்கள். ஆனால் அவர்களை நான் சீருடையில் பார்த்ததே இல்லை. லீவில் வருவார்கள். தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். என் பெரியப்பாவுக்குக் கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் இடம். பட்டாளம் என்றால் எங்களுக்கு அது எங்கள் வீட்டு ஆள் போய்ச் சேர்ந்த இடம், அவ்வளவுதான். இங்கே, என் கணவருக்கு மின்சாரத் துறையில் வேலை கிடைத்து நாங்கள் வந்த பிறகு, காய்கறிக் கடையில் எனக்கு முன்னால் நின்று முருங்கைக்காயை முகர்ந்து பார்க்கிறவர் ஒரு பஞ்சாபி ஹவில்தார். நகரத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். அதுபோல, பெரியப்பா போன பட்டாளமும் இந்த ஹவில்தாரின் ராணுவமும் ஒன்றுதான் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

கீழ் வீட்டில் மல்லிகா அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலில் வந்து, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். கணவர் திக்லிபூரில் பாக்குத் தோட்டம் பார்க்கிறார்; மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்து போவார். எனக்குப் பிரசவம் ஆனபோது ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. என் குழந்தையைக் குளிப்பாட்டி, எனக்குப் பத்தியம் சமைத்து, என்னை ஆளாக்கி எழுப்பியவர் அவர்தான். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் வாசல் கதவைச் சாத்திவிடுவார். ஆண்கள் கூட்டமாக ஓடுகிறார்களே, அதனால் கூச்சம் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்டதில்லை. கேட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

அவருடைய ஒரே மகள் ரேவதிக்குப் பத்தொன்பது வயது. தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பாள். மீன்காரம்மாவிடம் தெலுங்கில் சண்டை போடுவாள். மளிகைக்கடை மண்டல் தாதாவிடம் வங்காளத்தில் கடன் சொல்வாள். எதையும் கற்றுக்கொண்டதாக அவளுக்கு நினைவில்லை. ஒரு மாலை என்னிடம் வந்து, “அக்கா, நான் ஆர்மிக்கு எழுதிப் போட்டிருக்கேன். ரன்னிங் டெஸ்ட் இங்கயே நடக்குது. அம்மாகிட்ட சொல்லணும். நீங்க சும்மா பக்கத்துல உக்காந்தா போதும்” என்றாள். பெண்களை ராணுவக் காவல் பிரிவில் எடுக்கிறார்களாம். அப்பாவிடம் போனில் கேட்டதற்கு, “உன் அம்மாவக் கேளு” என்று வைத்துவிட்டாராம்.

எனக்கு இரவெல்லாம் யோசனை. ஒரு தாயின் எதிரே, அவள் மகளின் பக்கம் போய் உட்காருவது சரியா? நாளை ஆதிரை இப்படி வந்து நின்றால் நான் என்ன செய்வேன்? ஆனாலும் போய் உட்கார்ந்தேன்.

மல்லிகா அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். ரேவதி சொல்லி முடித்ததும் கை நின்றது. “ஆமிக்கா?” என்று மட்டும் கேட்டார். அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் பேசத் தொடங்கிவிட்டேன். படித்தவள் பேசுவது போலத்தான் பேசினேன். சம்பளம், மரியாதை, எங்கள் தெருவில் எத்தனை பேர், பெரியப்பாவின் முதல் பந்தி, இப்போது சண்டையெல்லாம் எங்கே நடக்கிறது என்று எல்லாம். “பயப்படாதீங்கக்கா, ஒண்ணும் ஆகாது” என்றேன்.

“நான் சாவுக்குப் பயப்படுறேன்னா நெனைச்சீங்க, தங்கச்சி? சாவ கச்சால்ல அலை வந்தன்னிக்குப் பாத்தாச்சு தானே” என்றார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“நான் கொமரியா இருந்தப்ப அப்பா என்னைய சிலோனுக்குக் கூட்டிட்டுப் போனாரு, அத்தயப் பாக்க. அத்தகூட பஸ்ஸுல போறோம். ஆமி நிப்பாட்டிச்சு. தமிழ் ஆளுங்கள மட்டும் எறங்கச் சொன்னாங்க. வெயிலு. பொம்பளைங்கள சோதிக்க ஒரு பொம்பள ஆமி. அத்த அவகிட்ட கேட்டுச்சு, ‘இந்தப் புள்ள விருந்தாளியா வந்தது, உள்ள நெழல்ல உக்காரட்டுமா’ன்னு. அவளுக்கு வெளங்கல. ஏதோ கத்துனா. அங்க நின்ன அத்தன பேருல ஒருத்தன்கூட எங்க பேச்சு பேசல.” ரேவதியை நிமிர்ந்து பார்த்தார். “அவளும் ஒன் வயசுதான்டி. நல்ல மூஞ்சி. அதுதான் மறக்கல. நீ அந்த உடுப்பப் போட்டுக்கிட்டு எந்த ஊரு பஸ்ஸ நிப்பாட்டுவ? யார எறங்கச் சொல்லுவ?”

ரேவதி சேரப்போவது சரியாக அந்த வேலைக்குத்தான். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும் என்றுதான் அவர்களை எடுக்கிறார்கள். மகள் செத்துப்போவாள் என்று பயப்படும் தாய்க்குச் சொல்ல என்னிடம் ஆயிரம் வார்த்தைகள் இருந்தன. மகள் இன்னொருத்தியை வெயிலில் நிறுத்துவாள் என்று பயப்படும் தாய்க்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்றது எதனால் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியது எங்கள் ஆள். எங்களை யாரும் இறங்கச் சொன்னதில்லை.

“அவளுக்குத் தமிழ் தெரிஞ்சிருந்தா?” என்றாள் ரேவதி.

“தெரிஞ்சிருந்தா எறங்கச் சொல்லாம விட்டிருப்பாளா?”

“சொல்லியிருப்பா. டியூட்டி ஹை நா. ஆனா உங்க அத்த கேட்டதுக்கு ஜவாப் குடுத்திருப்பா. நீங்க நெழல்ல உக்காந்திருப்பீங்கம்மா.”

மல்லிகா அக்கா மறுபடி மீனை எடுத்தார். கடைசி மீனைக் கழுவும்போது, “பாஷ தெரியாத ஊருல போட்டா?” என்றார்.

“கத்துக்குவேன். இங்க கத்துக்கலியா?”

“வாய் மட்டும் ஓடுது. காலு ஓடுமா பாப்போம்” என்றார் அக்கா.

அது சம்மதமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலையில் நான் பால் வாங்க இறங்கியபோது அவர் வீட்டில், ஓடப்போகிறவளுக்கென்று ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு ரேவதியின் காலை ஓட்டம் எங்கள் தெருவுக்கே சொந்தமாகிவிட்டது. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மலையாளி ஒருவர் கையில் வாட்சோடு நின்றார். மண்டல் தாதா கடையைத் திறந்ததும் முதல் வாழைப்பழத்தை ரேவதிக்கு எடுத்து வைத்தார். “அரே பாபி, ஹமாரி பச்சி ஹை” என்று மல்லிகா அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டார். எங்கள் பிள்ளை என்று. “ஒங்க பிள்ளைன்னா பழத்துக்கு ஏன் கணக்கு எழுதுறீங்க?” என்று அக்கா இந்தியில் திருப்பிக் கேட்டார். தெருவே சிரித்தது. யாருடைய பிள்ளைகள் அதில் இருக்கிறார்களோ, அந்த ராணுவத்துக்குத்தான் மக்கள் கை தட்டுகிறார்கள். இதைப் புத்தகத்தில் படித்திருந்தால் தலையாட்டியிருப்பேன். ஒரு பிள்ளை போய்ச் சேர்ந்தால் மட்டும் போதுமா, சேர்ந்த பிள்ளை நம் பிள்ளையாகவே இருக்குமா?

ஓட்டத்தன்று மைதானத்தின் வேலிக்கு வெளியே நாங்கள் நின்றோம். திக்லிபூரிலிருந்தும் பாராடாங்கிலிருந்தும் பஸ்ஸில் வந்தவர்கள், நிக்கோபாரிலிருந்து கப்பலில் வந்தவர்கள் என்று வேலி நெடுக ஆட்கள். ஒவ்வொரு கூட்டமும் அவரவர் மொழியில் அவரவர் பெண்ணின் பெயரைக் கத்தியது. ரேவதி நடுவில் ஓடினாள். அவளுக்குப் பின்னால் குட்டையான ஒரு நிக்கோபாரிப் பெண், இடுப்பில் கை வைத்து, நிற்கப்போகிறவள் போலத் தள்ளாடினாள். அப்போது மல்லிகா அக்கா வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினார். அது தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. அந்தப் பெண் சட்டென்று எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள், கையை இடுப்பிலிருந்து எடுத்தாள், ஓடினாள். “எங்க ரப்பர்க்காட்டுக்கு அந்தப் பக்கம் அவங்க கிராமம். சின்னதுல அதுங்களோடதான் வெளையாட்டு” என்றார் அக்கா, மூச்சு வாங்க. “என்ன சொன்னீங்க?” என்றேன். “ஓடுடி கழுதைன்னேன்.” அடுத்த சுற்றில் அந்த நிக்கோபாரிக் குடும்பம் எங்களிடம் பெயர் கேட்டுக்கொண்டு, ‘ரேவதி, ரேவதி’ என்று எங்களைவிடச் சத்தமாகக் கத்தியது. இரண்டு பேருமே தேறினார்கள்.

பயிற்சி மெயின்லேண்டில். சென்னைக் கப்பல் புறப்படும் அன்று நான் தாமதப்படுத்திவிட்டேன். ஆதிரைக்குச் சோறூட்டி, உடை மாற்றி, மறுபடி மாற்றி. எனக்காகக் காத்திருந்த மல்லிகா அக்காவோடு துறைமுகம் போனபோது ரேவதி ஏறிவிட்டாள். வாயிலில் வீட்டுக்கு ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். குழந்தையோடு நான் வெளியே கம்பியருகே நின்றேன். அந்தக் கப்பல் போவது என் அம்மா இருக்கும் கரைக்கு. போகிறவளுக்கு அங்கே யாரையும் தெரியாது. இங்கே நின்று வழியனுப்புகிற எனக்கு, வந்து இத்தனை காலம் ஆகியும் இந்தத் தீவில் பாதிப் பேருடைய பேச்சு புரியாது.

வாயிலில் சீருடை போட்ட ஒரு பெண் மல்லிகா அக்காவை நிறுத்தி, சோதிக்க வேண்டும், கையைத் தூக்குங்கள் என்றாள். இந்தியில்தான், பணிவாகத்தான். அக்கா ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தார்.

“கர் கிதர் ஹை, பேட்டி?” என்றார் அக்கா. உன் வீடு எங்கே, மகளே.

“மணிப்பூர், ஆன்ட்டி.”

“தூர் ஹை” என்று சொல்லிவிட்டு அக்கா இரண்டு கைகளையும் தூக்கினார். அந்தப் பெண் அவர் தோளிலிருந்து இடுப்பு வரை தட்டிப் பார்த்தாள். மேல்தளத்தில் ரேவதி எங்களைக் கண்டுவிட்டாள். அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறவளுக்கு, அம்மா இரண்டு கையையும் உயர்த்தி விடைகொடுக்கிறாள் என்றுதான் தெரிந்திருக்கும். அவளும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். சோதனை முடிந்து, போகலாம் என்று அந்தப் பெண் தலையசைத்தாள். மல்லிகா அக்கா கையைக் கீழே இறக்கவே இல்லை.