ஏழாம் பாத்தி

வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க ஆள் வைக்கும் வேலை உலகத்தில் உண்டா என்று பூகாபாம்பா ஊரே சிரித்தது. நிகாசியாவுக்குக் கிடைத்தது அப்படியொரு வேலைதான். ஊருக்கு மேலே, மரம்கூட வளராத மேட்டில், விவசாய இன்ஜினியர் மரீசா பன்னிரண்டு பாத்தி உருளைக்கிழங்கு போட்டிருந்தாள். ஒவ்வொரு பாத்திக்கும் ஒவ்வோர் உயரத்திலிருந்து வந்த விதை. பனிக்கு மூடக் கூடாது, புகை போடக் கூடாது. உறைபனி விழுந்த காலையில் எந்தச் செடி கருகியது, எது நின்றது என்று குச்சி நட்டு வைத்தால் போதும்.

"சாகுற செடியச் சாக விடணும்க்கா" என்றாள் மரீசா. "குளிரைத் தாங்குற குணம் அதோட ரத்தத்துலயே இருக்கணும். தலைமுறை தலைமுறையா இந்த மேட்டுல தாங்காததெல்லாம் செத்து, மிஞ்சினதோட வம்சத்துக்குத்தான் அது இருக்கும்."

"பழகிக்காதா? நானும் பள்ளத்தாக்குக்காரிதான். வாக்கப்பட்டு வந்த புதுசுல நாலு எட்டு வச்சா மூச்சு வாங்கும். இப்ப உங்க ஜீப்புக்கு முன்னாடி ஏறிருவேன்."

"பழகுறது வேற, பிறவியிலயே இருக்கிறது வேறக்கா."

நிகாசியா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பக் கூடாது என்று அவள் புருஷனுக்குத் தெரியும், மரீசாவுக்குத் தெரியாது.

ஏழாம் பாத்தி விதை நிகாசியா பிறந்த பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. மேட்டு விதைச் செடிகள் சின்ன இலையோடு தரையை ஒட்டிக் கிடக்க, இது மட்டும் அகல இலையும் வெள்ளைப் பூவுமாக நிமிர்ந்து நின்றது. ஒரு மாலை காற்று நின்று வானம் துடைத்துவிட்டது மாதிரி ஆனது. பனி விழும் என்று தெரிந்தது. பூத்த செடியைப் பனிக்குக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. வைக்கோலைப் பரப்பி மேலே போர்வைகளைப் போட்டாள். விடிந்து, ஜீப் வருவதற்குள் எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துவிட்டாள்.

ஒரு தடவைதானே என்றுதான் நினைத்தாள். அந்தப் பருவத்தில் ஆறு தடவை பனி விழுந்தது. ஆறு தடவையும் மூடினாள்.

"பள்ளத்தாக்கு விதையிலயும் தாங்குறது ஒண்ணு இருக்குக்கா. நான் நினைச்சே பார்க்கல" என்று மரீசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மை வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டாள். அடுத்த வருஷம் மூடியது பாசத்தால் அல்ல, பயத்தால். மூடாவிட்டால் போன வருஷத்துப் பொய் வெளியே வந்துவிடுமே.

மூன்றாம் வருஷம் அந்தக் கிழங்கை ஐந்து வீடுகளுக்கு விதையாகக் கொடுத்தார்கள். அதில் ஒரு வீடு நாத்தனார் அசுந்தாவுடையது.

"பழைய விதையில பாதிய வச்சுக்கோ" என்றாள் நிகாசியா.

"எதுக்கு அண்ணி? அந்தக் கசப்புக் கிழங்கைத் தின்னு தின்னு என் வீட்டுக்காரர் மூஞ்சியே கசந்து போச்சு. இது நீங்க பார்த்து வளர்த்த விதை, கண்ண மூடிக்கிட்டுப் போடுவேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நிகாசியா சிரித்து மழுப்பினாள். அசுந்தா பழைய விதை முழுவதையும் பனியில் உறையவைத்து, மிதித்து, காயவைத்துச் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்துவிட்டாள்.

பிப்ரவரியில் ஒரே ஒரு ராத்திரிதான் பனி விழுந்தது. அசுந்தாவின் வயல் முழுக்கக் கருகிப்போனது. மற்ற நான்கு வீட்டு வயல்களும் அப்படியே. மரீசா வந்து, எங்கே தப்பு நடந்தது என்று நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு அவளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அவளிடம் நிகாசியா கடைசிவரை சொல்லவில்லை. அது இன்றும் அவளை அரிக்கிறது.

அசுந்தாவிடம் சொன்னாள். கருகிய வரப்பில் நின்றபடி, போர்வை முதல் பொய் வரை ஒன்று விடாமல் சொன்னாள். அசுந்தா கத்தவில்லை.

"ரெண்டு வருஷமா மூடத் தெரிஞ்சுது. ஒரு நாள் வாயைத் திறக்கத் தெரியலையா அண்ணி?"

அடுத்த விதைப்புக்கு அசுந்தா மலைக்கு அப்பால் போய்க் கடன் வாங்கி வந்தது பனி தாங்கும் பழைய கசப்பு விதை. ஆண்கள் காலால் மிதித்து உழும் கலப்பையால் மண்ணைப் புரட்ட, பெண்தான் பின்னால் குனிந்து விதை வைக்க வேண்டும். கைராசிக்காரி என்று பத்தொன்பது வருஷமாக அந்த வயலில் நிகாசியாதான் வைத்தாள். அன்றும் முந்தானையில் விதையை ஏந்திக்கொள்ளத் தயாராகப் போனாள்.

அசுந்தா அவளுக்குச் சோறு வைத்தாள், மெல்லுவதற்குக் கொக்கா இலை கொடுத்தாள், அண்ணி என்றுதான் கூப்பிட்டாள். விதைக் கூடையை மட்டும் பக்கத்து வீட்டுக்காரியிடம் நீட்டினாள்.