பூட்ஸைக் கழற்றுபவர்

ரெங்கம் என்ற சிற்றூரில் உள்ள எங்கள் செம்பனைத் தோட்டத்தில் ஆழ்துளை போட்டு, நிலநடுக்கம் பதியும் கருவியை உள்ளே இறக்கியிருந்தார்கள். அதைப் பார்க்க மாதம் ஒருமுறை வருபவர் ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். கருவி நூறு மீட்டர் ஆழத்தில் இருந்தும், துளைக்குக் கிட்டே போகுமுன் பூட்ஸைக் கழற்றிவிடுவார். தன் காலடியும் அதில் பதிந்துவிடுமோ என்ற பயம்.

போன மாதச் சிறு நடுக்கத்தில் எங்கள் வீட்டுச் சுவர் விரிசல் விட்டது. அவரிடம் கேட்டேன்.

"சார், பெருசா ஒன்னு வருமா? இப்பவே வீட்ட காலி பண்ணிறலாமா?"

தான் கொண்டுவந்த கணினியில், கருவி பதிந்த கோடுகளை வெகுநேரம் பார்த்தார்.

"வந்து போனதத்தான் இது சொல்லும். வரப்போறத சொல்லாது லா."

பூட்ஸை மாட்டியபடி, "வீட்ல எத்தன பேரு?" என்றார்.

"அஞ்சு பேரு சார்."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஏன் கேட்டார் என்று அவரிடம் கேட்க எனக்கு இன்னும் துணிவில்லை.