அக்காவின் பத்தியத்துக்கு மீன் தேடி தரங்கம்பாடி வரை

அக்காவுக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். பால் ஊற பால் சுறாப் புட்டுதான் வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதே நர்ஸ் சொல்லியிருந்தார்: "சுறா மாதிரி பெரிய மீன் வேணாங்க. பாதரசம் இருக்கும், பால் வழியா பிள்ளைக்கும் போகும்."

"மத்தி வாங்கிட்டு வாடா, அம்மாவ நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா. போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

பூதலூரில் காலை 5.40க்கு ரயில். தஞ்சாவூர் இருபது கிலோமீட்டர். அங்கே வண்டி மாறி மயிலாடுதுறை, எழுபது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். பிறகு தரங்கம்பாடிக்கு பஸ்ஸில் முப்பது கிலோமீட்டர். போக மொத்தம் எழுபது ரூபாய் ஆனது.

வழியெல்லாம் நடவு முடிந்த வயல், தூறல். கண்ணுக்கெட்டிய வரை ஒரு புகைக்கூண்டு இல்லை. இருந்தும் அந்தத் தூறலில் பாதரசம் இருக்கலாம். நிலக்கரியை எரித்தால் அதிலிருக்கும் பாதரசம் ஆவியாகிக் கிளம்பும். மாதக்கணக்கில் காற்றில் மிதந்து நாடு தாண்டும், கடல் தாண்டும். மழையோடு இறங்கி, தண்ணீரில் இன்னும் கொடிய நஞ்சாக மாறும். அது சின்ன மீனுக்குள் போகும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும், கடைசியில் சுறாவில் குவியும்.

தரங்கம்பாடிக் கரையில் ஒரு மீன்கார அம்மாவிடம் ஒரு கிலோ மத்தி, நூற்றைம்பது ரூபாய்.

"யாருக்குத் தம்பி?"

"பிள்ளை பெத்த அக்காவுக்குங்க."

"பிள்ளை பெத்தவளுக்கு மத்தி வாங்குற மொத ஆளு நீதான்!" சின்னதாக ஒரு பால் சுறாவைத் தூக்கிப் பையில் போட்டார். "வச்சுக்க. பால் குடிக்கிற பிள்ளைக்குன்னா நான் காசு வாங்க மாட்டேன்."

பாதரசக் கதையைச் சொன்னேன்.

"நாங்களா கடல்ல கொட்டுனோம்?"

"இல்லீங்க. எங்கேயோ எரிக்கிறாங்க, காத்துல வருது."

"அப்ப காத்தப் புடிச்சுக் கேளு. என் மீனக் கொற சொல்லாத."

பக்கத்துக் கூடைக்காரி சிரித்தாள். மீன்கார அம்மாவோ சுறாவைத் திருப்பி வாங்கவே மாட்டேன் என்றார்.

மதியம் மூன்று மணிக்கு வீடு. பையைப் பிரித்ததும் அம்மாவுக்கு முகமெல்லாம் பல். அக்கா தடுத்தாள்.

"இதத் தின்னுதானடி உங்கள வளத்தேன்?"

"அப்ப எரிச்ச கரி எவ்வளவு, இப்ப எரிக்கிற கரி எவ்வளவும்மா?"

புட்டு எனக்கும் அக்கா வீட்டுக்காரருக்கும் வந்தது. அக்காவுக்குப் பூண்டு போட்ட மத்திக் குழம்பு.

போகிறவர்கள் பத்து மணிக்குள் கரையில் இருங்கள், தெர்மாகோல் பெட்டி கொண்டு போங்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு என்றால் மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீனாக வாங்குங்கள். இதை எழுதவே எரிச்சலாக இருக்கிறது. புட்டு வாசனை வீடு முழுக்க இருந்தபோது, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அக்கா கேட்டாள்:

"கரி எரிக்கிறவன் எவனோ. பத்தியம் மட்டும் எனக்காடா?"