மூச்சக்கா

"மூச்ச நல்லா இழுங்க... அப்படியே நிறுத்துங்க!"

ஒலிவாங்கியில் சொல்லிவிட்டு அவரும் மூச்சை நிறுத்திக்கொள்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுத்திருப்பவருக்குத்தான் உத்தரவு. ஆனாலும் இருபது விநாடிக்கு இவர் கன்னமும் பந்தாக உப்பிவிடும். "நான் விட்டா அவங்களும் விட்டுடுவாங்க" என்பது அவர் நம்பிக்கை. ஸ்கேன் மையத்தில் படம் எடுக்கும் அவர், எல்லோருக்கும் மூச்சக்கா. வீட்டில் கணவர் சண்டைக்கு வந்தாலும், "மூச்ச இழுங்க, நிறுத்துங்க" என்பாராம். பழக்கதோஷத்தில் கணவரும் நிறுத்திவிடுவாராம்.

என் அக்காவின் கணவரை அங்கே அழைத்துப் போயிருந்தேன். அத்தானுக்கு முடிதிருத்தும் தொழில். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாதவர். வயிற்றுவலிக்கு எடுத்த முதல் ஸ்கேனில் கணையத்தில் எலுமிச்சம்பழ அளவு நீர்க்கட்டி தெரிந்தது. உள்ளே பெரிய பெரிய அறைகளாக இருந்தால் பின்னால் புற்றாக மாறலாம், வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். தேன்கூடு மாதிரி பொடிப்பொடி அறைகளாக இருந்தால் பெரும்பாலும் சாதுவான கட்டி. எது என்று சொல்ல டாக்டருக்குத் தெளிவான படம் வேண்டும்.

"நிறுத்துங்க!"

"நிறுத்திட்டேம்மா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. படம் கலங்கியது.

"பதில் சொல்லக் கூடாது."

"சரிம்மா, சொல்லல."

மூன்றாவது படமும் பாழ். வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். "இதையே அனுப்பிடலாமேக்கா" என்றார் நர்ஸ்.

"இந்தக் கலங்கின குட்டையில டாக்டர் என்ன மீனைப் பிடிப்பாரு? தெரியாம வயித்தக் கிழிச்சா நீயா தைப்ப?" என்றவர், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த என்னிடம் திரும்பினார். "அவருக்கு என்ன தொழில்?"

சொன்னேன். ஒலிவாங்கியை வாய்க்கு இழுத்தார்.

"அண்ணே, என் வீட்டுக்காரர் உங்க கடையில உக்காந்திருக்காரு. அவர் தொண்டையில சவரக்கத்தி வெச்சிருக்கீங்க. இப்பப் பேசுவீங்களா?"

"ஐயோ, மூச்சுகூட விடமாட்டேன்!"

"அதேதான் வேணும். கத்தி வெச்சாச்சு. நிறுத்துங்க!"

அத்தான் கல்லாகக் கிடந்தார். எனக்குத்தான் மூச்சு முட்டியது. இந்த முறை படம் கலங்காமல் விழுந்தது.

"எப்படியிருக்குங்க?" என்றேன்.

"படம் எடுக்கறது என் வேலை. படிக்கறது டாக்டர் வேலை." முகத்தில் ஒரு ரேகை அசையவில்லை.

அரைமணி நேரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். "தேன்கூடேதான். கணையக் குழாயோட தொடர்பும் இல்ல. ஆபரேஷன் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்த்துக்குவோம்."

அத்தான் விறுவிறுவென்று வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டார். அக்காவுக்கு போன் போட்டு, எதுவும் சொல்லாமல் தேம்பிக்கொண்டு நின்றார். "என்னங்க? யாருங்க பேசறது?" என்று மறுமுனையில் அக்கா அலறியது எனக்கே கேட்டது.

அப்போதுதான் கவனித்தேன், அத்தான் வெறுங்காலோடு நின்றார்.

மூச்சக்கா பின்னாலேயே வந்தார். ஸ்கேன் அறை வாசலில் அத்தான் விட்டுவந்த செருப்பு அவர் கையில் இருந்தது. குனிந்து, இடது வலது மாறாமல் காலடியில் ஜோடியாக வைத்துவிட்டு, அடுத்த ஆளைப் பார்க்க உள்ளே போனார்.