இரண்டாவது முளைக்குச்சி

கணவனுக்கு இடுப்பு ஒடிந்தபின் தனியாளாகக் காட்டு வேலைக்குப் போய்வரும் ஒரு பெண்ணை, ஆட்டை விற்றவள் என்று நான் சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன.

வேளாண் கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றுச் சங்கரன்கோவிலில் வசிக்கிறேன். சென்ற ஐப்பசியில் என் மனைவி காலமானாள். அதன்பின் ஊரிலுள்ள ஒரு சிறு அறக்கட்டளை, பனவடலிசத்திரம் செல்லும் வழியில் மானாவாரிக் கிராமமொன்றில் தான் வழங்கிய ஆடுகளைப் பார்த்துவரும்படி என்னைக் கேட்டுக்கொண்டது. எனக்குப் பொழுது போகட்டும் என்று கேட்டார்களோ என்ற ஐயமும் எனக்கு உண்டு.

மழை பொய்த்தால் அங்கே கூலியும் பொய்க்கும். அந்த மாதங்களில் அடுப்பு அணையாதிருக்க வீட்டுக்கு இரண்டு பெட்டையாடுகள், காதில் எண் பொறித்த மஞ்சள் வில்லையுடன். ஆட்டை விற்றவர் பெயர் பட்டியலிலிருந்து நீங்கும். கோடையில் தரும் தீவனமும் அரிசியும் அவருக்கு நின்றுபோகும்.

அந்தப் பெண்ணின் கொட்டிலில் ஓர் ஆடு மட்டுமே நின்றது.

“இன்னொன்று?”

“மேய்ச்சலுக்குப் போயிருக்கு சார். நல்லா இருக்கு.”

நல்லா இருக்கு. மனைவி கிடந்த மருத்துவமனையில் பதினொரு நாள் என்னிடம் சொல்லப்பட்ட சொல் அது. அதைக் கேட்டால் இப்போது என் கண் தரையைத் தேடுகிறது. தரையில் ஆடு கட்டும் முளைக்குச்சிகள் இரண்டு இருந்தன. ஒன்றின் கழுத்து கயிறு உரசி வழுவழுத்திருந்தது. மற்றதில் சிலந்தி நூல் கட்டியிருந்தது.

மறுநாள் சொல்லாமல் போனேன். அப்போதும் ஓர் ஆடுதான். அடுத்த வீட்டுப் பெண் ஆடு தின்னக் குழையைக் கொத்தாகக் கட்டிக்கொண்டே குரல் கொடுத்தாள்: “ஏட்டி, சார் இன்னைக்கும் வந்துட்டாவ. ஆட்டுக்கு ஆதார் கார்டு எடுத்து வச்சிருக்கியா?”

தெருவே சிரித்தது. இவள் சிரிக்கவில்லை, முந்தானையால் கையைத் துடைத்தபடி, “மேய்ச்சலுக்குத்தான் சார்,” என்றாள்.

பேருந்துக்கு நிற்கையில் அறக்கட்டளைச் செயலாளரை அழைத்து, ஆடு விற்கப்பட்டதாகவே தெரிகிறது என்றேன். “நீங்க சொன்னா சரிதான் சார், பேரை எடுத்துருவோம்,” என்றார் அவர். ஒரு பேராசிரியரின் சொல்லை யாரும் சரிபார்ப்பதில்லை.

எஞ்சிய வீடுகளுக்காக மூன்றாம் நாள் தெற்குத் தெருவுக்குப் போனேன். என் பட்டியலில் இல்லாத ஒரு வீட்டு வேம்படியில், மஞ்சள் வில்லையுடன் ஓர் ஆடு குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. வில்லையின் எண், காணாமற்போன ஆட்டின் எண். திருட்டோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்த வீட்டுக்காரி இளம்வயதிலேயே கணவனை இழந்தவள். ரேஷன் அட்டை மாமியார் வீட்டில் இருந்ததால் பட்டியலில் சேர முடியாதவள். “வாரத்துக்கு விட்டிருக்காவ சார். பாலு எம் பிள்ளைக்கு. மொத ஈத்துக் குட்டி எனக்கு, அடுத்த ஈத்து அவுகளுக்கு,” என்றாள்.

வாரம். ஒருவர் ஆட்டை மற்றொருவர் வளர்த்து, ஈனும் குட்டிகளை இருவரும் பகிரும் ஏற்பாடு. பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அறக்கட்டளையின் படிவத்தில் இரண்டு கட்டங்கள்தாம்: இருக்கிறது, விற்கப்பட்டது. படிவத்தைப் பிடித்த கையோடு நானும் அந்த இரண்டுக்குள்ளேயே நினைத்திருக்கிறேன்.

ஆட்டுக்குச் சொந்தக்காரியிடம் திரும்பிப் போனேன். “ஏன் சொல்லவில்லை?”

“சொன்னா ரெண்டு பேருக்கும் இல்லாம ஆக்கிருவியல்லா? அவ பிள்ளை பால் குடிக்கட்டும்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.” என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்து, “நேத்து என்ன எழுதினிய சார்?” என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் கொட்டிலுக்குள் போய், இருந்த ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தாள்.

செயலாளரை மீண்டும் அழைத்தேன். நேற்று நான் சொன்னது தவறு, ஆட்டைக் கண்டேன் என்றேன்.

“நேத்து வித்தாச்சுன்னீங்க, இன்னிக்கு இருக்குங்கீங்க. எதை சார் நம்புறது? வீட்டுல கட்டியிருக்குற மாதிரி போட்டோ அனுப்புங்க.”

தெற்குத் தெருவிலிருந்து ஆட்டை ஓட்டி வந்தார்கள். குட்டி பின்னாலேயே ஓடிவந்தது. இரண்டாவது முளைக்குச்சியில் கட்டினார்கள். குழைக் கட்டைக் கீழே போட்டுவிட்டு வந்த அடுத்த வீட்டுப் பெண், “சாரும் கூட நில்லுங்க, அப்பத்தான் நம்புவாக,” என்றாள். நின்றேன். படம் போயிற்று, பெயர் நிலைத்தது. படிவத்தில் ‘இருக்கிறது’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். எங்கே என்று படிவம் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

கயிற்றை அவிழ்த்து அந்த இளம்பெண் ஆட்டை ஓட்டிச் செல்லும்வரை அங்கேயே இருந்தேன்.

என் மனைவியும் கடைசி மாதங்களில், கேட்டபோதெல்லாம் ஒன்றுமில்லை என்றே சொன்னாள். மருத்துவர்கள் மறைத்தார்கள் என்று அவர்கள் தந்த தாள்களை இன்னும் தேதி தேதியாகப் படிக்கிறேன். அவள் யாருக்காக மறைத்தாள் என்று அந்தத் தாள்களில் தேட முடியாது. கிராமத்திலிருந்து திரும்பிய அன்றும் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.