கல் பார்க்க நின்றவள்

என் மாமியாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அதனால் எங்கள் வீட்டு முற்றத்துக்குக் கல் பாவிய கதையை எழுதுகிறேன்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி இருக்கும். சேரன்மாதேவிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர். நான் அந்த வீட்டு இளைய மருமகள். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூத்த மருமகள் வள்ளியூர்க்காரி. நான் அவளை அக்கா என்பேன். அவளுக்குக் கல்யாணமாகி எட்டொன்பது வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. மூத்த மகனுக்கு இரண்டாம் தாரம் பார்க்கப்போகிறார்கள் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. நம்மை வைத்துக்கொள்வாளா, அனுப்பிவிடுவாளா என்று மாமியார் முகத்தைப் பார்த்துப் பார்த்து அக்கா தினமும் செத்துப் பிழைத்தாள். அவள் புருஷன் இருக்கிறாரே, அம்மா இருமினால் தானும் இருமுகிற ஆள்.

முற்றம் அதுவரை மண் தரை. சாணி போட்டு மெழுகுவோம். ஐப்பசி மழை வந்தால் கிணற்றடிக்கும் வாசல்படிக்கும் நடுவே கணுக்கால் சேறு. எதிர்வீட்டில் பட்டியக்கல் பாவிய நாளிலிருந்து மாமியாருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. கல்தச்சரை வரச்சொன்னாள்.

முற்றத்துக்குக் கல் எடுக்க எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தச்சர் தட்டிப் பார்த்து, கணீரென்று சத்தம் வருகிற கல்லாக மாதிரிக்கு இரண்டு மூன்று கொண்டுவந்து போடுவார். அவை சித்திரை வெயிலில் காயும். உச்சிப்பொழுதில் வீட்டு மருமகள் வெறுங்காலோடு ஒவ்வொன்றிலும் ஏறி நிற்பாள். எது காலைச் சுடாமல் தாங்குகிறதோ அதுதான் கல். காலமெல்லாம் அங்கே நடக்கப்போகிறவள் அவள்தானே. என் பிறந்த வீட்டில் மதினி நின்றபோது ஏறின வேகத்தில் குதித்து ஓடினாள். எல்லாரும் சிரித்தோம். அன்றைக்குப் பாயசம் வைத்தோம். நீ இந்த வீட்டுக்காரி என்று சொல்லாமல் சொல்லுகிற காரியம் அது. போகப்போகிறவளை யாரும் நிற்கச் சொல்ல மாட்டார்கள்.

மூன்று கல் வந்து இறங்கின. வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, கொஞ்சம் சிவப்போடியது ஒன்று. மறுநாள் உச்சியில், மூத்தவளை வந்து நிற்கச் சொல் என்று மாமியார் என்னிடம் சொன்னாள்.

அக்கா அடுப்படியில் இருந்தாள். செய்தியைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. கையைக் கழுவினாள். சேலையைத் திருத்தினாள். குங்குமத்தை அழித்துப் புதிதாக இட்டாள்.

“என்னையத்தான் கூப்பிடுதாவ, பாத்தியா” என்று என் காதுக்குள் சொன்னாள்.

மாமியார் வெற்றிலைச் செல்லத்தோடு நிழலில் உட்கார்ந்தாள். மற்ற வீடுகளில் ஏறினோம், இறங்கினோம் என்று முடிகிற காரியத்துக்கு இவள் ஒரு சட்டம் போட்டாள். வாயில் போட்ட வெற்றிலையை மென்று தான் துப்புகிறவரை இறங்கக் கூடாது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வெற்றிலை. அந்தப் பொம்பளை அவ்வளவு நிதானமாக மென்றதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கறுப்புக் கல்லில் அக்காவின் கால்விரல்கள் மடங்கின. உதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிர இறங்கவில்லை. தச்சரே பொறுக்காமல் போதும் என்று சொல்லிப் பார்த்தார். மாமியார் காதில் விழாத மாதிரி இன்னொரு துண்டுப் பாக்கை எடுத்துக் கடித்தாள். கடைசியில் வெள்ளைதான் தாங்குகிறது என்று அக்கா சொன்னாள். யாரும் கேட்காமலே மறுபடி ஒருதரம் அதில் ஏறி நின்று சரிபார்த்தாள்.

சாயங்காலம் உள்ளங்கால் இரண்டும் கொப்புளம். நான் விளக்கெண்ணெய் தடவிவிட்டேன். அவளுக்கு வலியே தெரியவில்லை. கிணற்றடியில் கொஞ்சம் சொரசொரப்பாகக் கொத்திப் போடச் சொல்ல வேண்டும், வழுக்கும் என்றாள். கிழக்கோரம் மிளகாய் காயப்போட வசதி என்றாள். பிள்ளை பிறந்து தவழ்ந்தால் முட்டி தேயுமே என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டாள்.

வண்டி வண்டியாக வெள்ளைக்கல் வந்தது. மண்ணை வெட்டியெடுத்து, ஆற்றுமணல் பரப்பி, நூல் பிடித்து, தண்ணீர் தெருப்பக்கம் ஓட வாட்டம் வைத்துப் பாவினார்கள். கல்லுக்குக் கல் சுண்ணாம்புச் சாந்து. அதற்கு வேண்டிய தண்ணீரை அந்தக் காலோடு அக்காதான் இறைத்துக் கொடுத்தாள். எதிர்வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு விறுவிறுவென்று திரும்பிப் போனாள். மாமியாருக்கு அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கியது.

சாந்து காய்ந்த வாரமே களக்காட்டிலிருந்து பெண்வீட்டார் வந்தார்கள். முற்றத்தை மெச்சினார்கள். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தது அக்கா. இவள் யார் என்று அவர்கள் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. வண்டி தெருமுனை திரும்பியதும் அவள் மாமியார் முன்னால் போய் நின்றாள்.

“அத்தே, என்னையத்தான நிக்கச் சொன்னீய?”

“ஆமா. வாரவ காலு வேகக் கூடாதுல்லா. அதுக்குத்தான் உன்னைய நிக்கச் சொன்னேன்.”

அம்மிக்குழவியை எடுத்து அந்த வாயில் போட வேண்டும் போல இருந்தது எனக்கு. அக்காவின் புருஷனுக்கு அந்த நேரம் பார்த்து வயலில் வேலை வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அக்காவைக் கூட்டிப்போக வள்ளியூரிலிருந்து அவள் அண்ணன் வில்வண்டியோடு வந்தார். புறப்படுமுன் முற்றத்தைக் கழுவிவிட்டுப் போகும்படி மாமியார் சொன்னாள். எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளையில்லாதவள் கால் பட்ட கல். நான் கழுவுகிறேன் என்று வாளியைப் பிடித்தேன். மாமியார் விடவில்லை. அக்கா தானே இறைத்து, தென்னந்துடைப்பத்தால் ஒவ்வொரு கல்லாகத் தேய்த்துக் கழுவினாள். அவள் ஈரச்சேலையை மாற்ற உள்ளே போன நேரத்தில் மாமியார் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரைக் கலக்கி முற்றம் முழுக்கத் தெளித்தாள்.

அக்கா துணி மூட்டையோடு வந்து வாசல்படியிலிருந்து முற்றத்தில் காலை எடுத்து வைக்கப்போனாள்.

“மஞ்சத்தண்ணி தெளிச்சாச்சு. இனிம அதுல கால வைக்காத. புறவாசல் வழியாப் போயிரு.”

அக்கா தூக்கின காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. மூட்டையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அடுப்படி வழியாகப் போனாள். தெருவில் காத்திருந்த அண்ணன் மாட்டைத் திருப்பி, வண்டியைப் பின்பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்.